வேருக்கு ஊட்டிய காலம்

கீரை போடுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. விற்கப்போகிற பொருள் கண்முன்னே நிற்கிறது. வெளுத்தால் தழைச்சத்து போதவில்லை, ஓரம் கருகினால் சாம்பல்சத்து போதவில்லை என்று பாத்தி ஓரம் நடந்தே சொல்லிவிடலாம். முள்ளங்கி போடுகிறவனுக்கு அந்த வசதி கிடையாது. அவன் சரக்கு மண்ணுக்குள் இருக்கிறது. மேலே நிற்கும் இலை சொல்வதில் பாதிதான் உண்மை. ஷ்வேப்யிதாவில் எங்கள் பாத்திகளை ரசாயன உரத்திலிருந்து இயற்கை உரத்துக்குத் திருப்பிய பருவங்களில் எனக்கு மனதில் ஆழமாகப் பதிந்தது இதுதான். இயற்கைக் கரைசல்களைப் பற்றிப் பேசுகிற பலரும் இலையைக் காட்டியே பேசுகிறார்கள். கிழங்கைப் பிடுங்கிக் காட்டிப் பேசுகிறவர்கள் குறைவு.

ஷ்வேப்யிதா யாங்கோனின் வடக்கு விளிம்பு. 1980களின் இறுதியில் நெல்வயல்களில் மனை பிரித்து எழுப்பிய புறநகர். இன்று தொழிற்பேட்டைகளும் தையல் ஆலைகளும் ஆலைத் தொழிலாளர்களின் தகரக்கூரை வீடுகளுமாக நெருங்கிக் கிடக்கிறது. மேற்கே ஹ்லைங் ஆறு. ஆலை மதில்களுக்கும் ஆற்றுக்கும் நடுவே மிஞ்சிய தாழ்நிலத் துண்டுகளில் காய்கறி போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதில் ஒரு துண்டு என் பெரியப்பாவுடையது. அவருக்குப் பிறகு அத்தையும் நானும் பார்த்துக்கொண்டோம். 1960களில் பர்மாவில் நாட்டுடைமை வந்தபோது சொந்தத்தில் பாதிப்பேர் கப்பலேறிப் போய்விட்டார்கள். மாட்டை விட்டுவிட்டு வர மனமில்லாதவர்கள் தங்கிவிட்டார்கள். அத்தை அந்தக் கூட்டம்.

யாங்கோனில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,700 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பகுதி மே மாதத்திலிருந்து அக்டோபருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். அந்த மாதங்களில் எங்கள் நிலம் சேறு. தண்ணீர் வடிந்த பிறகுதான் மேட்டுப்பாத்தி கட்டி முள்ளங்கி விதைப்போம். கேரட், உருளைக்கிழங்கெல்லாம் ஷான் மலைப்பக்கம் அவுங்பான், கலோவிலிருந்து லாரியில் இறங்குகிறவை. இந்தக் களிமண்ணில், இந்த வெப்பத்தில் நம்பிப் போடக்கூடிய கிழங்குகள் முள்ளங்கியும் சர்க்கரைவள்ளியும்தான். விற்பது இன்செயின் பக்கம் தன்யின்கோன் சந்தையில். வட்ட ரயில் நிலையத்தை ஒட்டிய சந்தை அது. கூடைகள் தண்டவாள ஓரம்வரை வந்துவிடும்.

பெரியப்பா காலத்தில் யூரியாவும் டி சூப்பர் பாஸ்பேட்டும் இல்லாமல் ஒரு பாத்திகூட விளைந்ததில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. முள்ளங்கி 45 நாள் பயிர். விதைத்த மூன்றாவது வாரம் ஒரு பிடி யூரியா தூவித் தண்ணீர் விட்டால் நான்கே நாளில் பாத்தி கரும்பச்சையாகிவிடும். கடன் வாங்கிப் பயிர் செய்கிறவனுக்கு அந்த நான்கு நாள் பெரிய தைரியம்.

2021 அந்தக் கணக்கை உடைத்தது. ஆட்சியைப் பிடித்த ராணுவம் மார்ச் 14 அன்று பக்கத்து ஹ்லைங்தாயாவிலும் ஷ்வேப்யிதாவிலும் ராணுவச் சட்டம் போட்டது. வங்கியில் பணம் எடுப்பதே பெரும்பாடாகிவிட்டது. ஜூலையில் தொற்றுநோயைக் காரணம் காட்டி மூசே பக்கத்து எல்லை வாசல்களைச் சீனா மூடியது. எங்களுக்கு உரம் வருகிற வழிகளில் அது முக்கியமானது. மழை ஓய்ந்து விதைக்கும் நேரம் வந்தபோது யூரியா மூட்டையின் விலை கேட்டுவிட்டு அத்தை உட்கார்ந்துவிட்டாள்.

"இந்தக் காசு போட்டு முள்ளங்கி விக்கப் போறதில்ல தம்பி. வீட்ல மாடு நிக்குது, சந்தையில மீன் கழிவைக் கொட்டுறான், வாழைமட்டைய ரோட்ல போடுறான். இதை வெச்சுப் பாப்போம்."

எங்கள் மாற்றம் அப்படித் தேவையில் தொடங்கியது. போகப் போக அது எங்கள் விருப்பமாகிவிட்டது.

மண்ணை முதலில் பார்த்தோம். காய்ந்த கட்டி ஒன்றை எடுத்துக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் மெல்லப் போட்டேன். நல்ல மண்ணாக இருந்தால் கட்டி நெடுநேரம் உருக்குலையாமல் நிற்கும். அதன் துகள்களை நுண்ணுயிர்களின் பிசினும் மெல்லிய வேர்களும் பிடித்து வைத்திருக்கும். எங்கள் கட்டி பார்த்துக்கொண்டிருக்கும்போதே சரிந்து தம்ளர் முழுக்கச் சாம்பல் நிறக் கலங்கலாகிவிட்டது. மண்வெட்டியால் புரட்டினால் மண்புழு ஒன்றுகூட இல்லை. இந்த மண்ணுக்கு உயிருள்ள உணவு எதுவும் கிடைத்து ஆண்டுக்கணக்காகிறது என்று புரிந்தது.

இங்கே ஒரு கணக்கைச் சொல்லியாக வேண்டும். இயற்கைக்கு மாறுகிறவர்கள் பலர் இந்தக் கணக்கைப் போடாமலே கரைசல் டிரம்மை உருட்டிக்கொண்டு வருகிறார்கள். யூரியாவில் 46 சதம் தழைச்சத்து. 50 கிலோ மூட்டையில் 23 கிலோ. மீன் கழிவைப் புளிக்கவைத்து எடுக்கும் கரைசலில் தாராளமாக 2 சதம் தழைச்சத்து என்றே வைத்துக்கொண்டாலும், அந்த 23 கிலோவுக்கு ஆயிரம் கிலோவுக்கு மேல் கரைசல் வேண்டும். எந்த வீட்டு டிரம்மிலும் அது வராது. ஆகவே யூரியாவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கரைசலை ஊற்றுவது என்பது நடக்காத காரியம். பயிரின் முழுப்பசிக்கு மட்கிய தொழுவுரம், வைக்கோல் மட்கு, நிலக்கடலைப் பிண்ணாக்கு என்று கனமான தீனி மண்ணுக்குள் போக வேண்டும். அவை மட்கிச் சத்தாக மாறுவதற்கு நுண்ணுயிர்கள் வேண்டும். அவைதான் எங்கள் மண்ணில் போதவில்லை. போதாக்குறைக்கு, வைக்கோல் அதிகம் சேர்ந்த மண்ணில் உள்ள கொஞ்சநஞ்சத் தழைச்சத்தையும் முதலில் நுண்ணுயிர்களே எடுத்துக்கொள்ளும். பயிர் பட்டினி கிடக்கும். மாற்றத்தின் முதல் பருவங்களில் இந்த இடைவெளி தவிர்க்க முடியாதது. கரைசலுக்கு வேலை அந்த இடைவெளியில்தான். அத்தை இதைத் தன் பாணியில் சொன்னாள்: "காய்ச்சல்ல கெடந்து எந்திரிச்சவனுக்கு முதல்ல கஞ்சி. கஞ்சியே கடைசிவரைக்கும் சோறாகாது."

மீன் கழிவு சான்பியா மீன் சந்தையிலிருந்து வந்தது. ரோகு மீனின் குடல், செதில், தலை. பக்கத்துப் பாத்திக்காரர் ஒரு பர்மியர். அவரை ஆக்கோ என்றுதான் கூப்பிடுவேன். கெட்டுப்போன நாப்பி என்கிற மீன்விழுது மலிவாகக் கிடைக்கிறது, அதையே போடலாமே என்றார். அத்தை ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டாள்: உப்பு. நாப்பியில் இருக்கிற உப்பு களிமண்ணில் தங்கினால் விதை முளைக்காது. கடல்மீன் கழிவு கிடைத்த நாட்களில்கூட நாலு தண்ணீர் அலசிய பிறகே எடுத்துக்கொண்டோம்.

கழிவைப் பொடியாக நறுக்கி, எடைக்கு எடை வெல்லம். மேல்பர்மாவிலிருந்து வரும் பனைவெல்லத்தில் கல்லும் தூசியும் கலந்த கடைசித்தரம் போதும். கழிவு ஒரு அடுக்கு, வெல்லம் ஒரு அடுக்கு என்று டிரம்மில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் நிரப்பி, வாயைத் துணியால் கட்டி நிழலில் வைத்தோம். முழுக்க நிரப்பி மூடியை இறுக்கினால் உள்ளே எழும் வாயு மூடியைத் தூக்கி எறிந்துவிடும். முதல் வாரம் பக்கத்தில் போக முடியாது. வெல்லம் மீனிலிருந்து நீரை இழுக்கும். புளிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் அந்த இனிப்பைத் தின்று அமிலம் உண்டாக்கும். அமிலம் ஏறியதும் அழுகவைக்கும் கிருமிகள் ஒடுங்கும். இந்த மாற்றத்தை மூக்கே சொல்லிவிடும். பிணநாற்றம் மெல்லப் பின்வாங்கி, புளித்த கள்ளின் வாசம் மேலே வரும். அந்த வாசம் வந்து, சதையெல்லாம் கரைந்து முள்ளும் செதிலும் மட்டும் அடியில் நின்றால் பக்குவம். வடிகட்டிய சாறு கருந்தேன் நிறத்தில் கெட்டியாக இறங்கும். வாசம் திரும்பாத டிரம்மில் வெல்லம் போதவில்லை என்று அர்த்தம். கூடுதலாகப் போட்டுக் கிளறி இன்னும் காத்திருக்க வேண்டும்.

பத்து லிட்டர் பூவாளிக்கு 50 மில்லி சாறு. அதற்கு மேல் போனால் இளம் இலை கருகும். இலைமேல் தெளிப்பதைவிட வேரடியில் ஊற்றுவதையே அத்தை விரும்பினாள். எனக்கும் அதுதான் சரியாகப்பட்டது. மண்ணில் ஊற்றினால் பயிரோடு சேர்த்து நுண்ணுயிருக்கும் ஒரு பங்கு போகிறது.

மீன் கரைசல் தழைச்சத்து. முள்ளங்கிக்கு அதை எப்போது கொடுப்பது என்பதைவிட எப்போது நிறுத்துவது என்பதே பெரிய கேள்வி. முதல் மூன்று வாரம் செடி இலை கட்டுகிற காலம். அப்போது கொடுக்க வேண்டும். வேர் தடிக்கத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். அதற்குப் பிறகும் தழைச்சத்து கிடைத்துக்கொண்டே இருந்தால் செடி இலையிலேயே தங்கிவிடும். கிழங்கு பெருக்காது, பெருத்தாலும் பக்கவேர் மயிர்மயிராக விட்டிருக்கும். இதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஒரே விதை, ஒரே நாள், இரண்டு பாத்தி என்று வைத்தேன். ஒன்றில் மூன்றாவது வாரத்தோடு மீன் கரைசலை நிறுத்தினேன். மற்றதில் கடைசிவரை ஊற்றினேன். வரப்பில் நின்று பார்த்த ஆக்கோ இரண்டாவது பாத்திதான் ஜெயிக்கும் என்றார். இலை முழங்காலைத் தொட்டது, அத்தனை பளபளப்பு. பிடுங்கியபோது அதன் அடியில் இருந்தது பெருவிரல் பருமன் கிழங்கு. மற்றப் பாத்தியில் இலை சுமார்தான். கிழங்கு அதைப்போல இரண்டு மடங்கு.

வேர் தடிக்கும் காலத்தில் தேவை சாம்பல்சத்து. அதற்கு வழிகாட்டியது மொஹிங்கா என்கிற மீன்குழம்பு நூடுல்ஸ் விற்கும் கடை. மொஹிங்கா குழம்பில் பெரும்பாலும் வாழைத்தண்டு போடுவார்கள். உட்தண்டை எடுத்துக்கொண்டு வெளிமட்டையைத் தெருவில் எறிந்துவிடுவார்கள். வாழை சாம்பல்சத்தை உறிஞ்சித் தன் உடம்பில் சேர்த்துவைக்கிற மரம். அந்த மட்டையைக் கொத்தி, கொஞ்சம் வெல்லம் சேர்த்துப் புளிக்கவைத்தால் சாம்பல்சத்துக் கரைசல் தயார். ஆக்கோ அரிசி ஆலையிலிருந்து உமிச்சாம்பல் கொண்டுவந்து தந்தார். பாத்தியில் தூவ அது நல்லது, களியையும் கொஞ்சம் இளக்கும். ஆனால் சாம்பலை மீன் கரைசலோடு கலக்கக் கூடாது. ஒரு குவளையில் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் உடனே காரமாக மூக்கில் ஏறும். அது அம்மோனியா. சாம்பலின் காரத்தன்மை பட்டதும் தழைச்சத்து காற்றாகக் கிளம்பிவிடுகிறது. ஒன்று கொடுத்து நாலைந்து நாள் கழித்தே மற்றது.

முதல் பருவத்து முள்ளங்கியைத் தன்யின்கோனுக்குக் கொண்டுபோனபோது வழக்கமாக எடுக்கும் வியாபாரி அமா ஒன்றைக் கையில் தூக்கி எடைபார்த்தார். "மௌங்லே, இந்த வருஷம் பிஞ்சா இருக்கே" என்றார். யூரியாக் காலத்தோடு ஒப்பிட்டால் கிழங்கு சின்னதுதான். வீசைக்கு இரண்டு நின்ற இடத்தில் மூன்று, நான்கு. விலையைக் குறைத்தார். அவர் மேல் தப்பில்லை. அவரிடம் வாங்குகிறவர்கள் எடையைத்தான் பார்க்கிறார்கள். சான்றிதழ் என்று ஒன்று இருந்திருந்தாலும் அன்று அந்தச் சந்தையில் அதைக் கேட்பவர் இல்லை. இந்தியாவின் தேசிய இயற்கை வேளாண் விதிகளில் ஒரு பருவப் பயிர்களுக்கு இரண்டு ஆண்டு மாறுகாலம் என்று வைத்திருக்கிறார்கள். ரசாயன எச்சம் மட்டும்தான் அதற்குக் காரணம் என்று நான் நினைத்திருந்தேன். மண் தன் காலில் நிற்பதற்கும் அவ்வளவு காலம் தேவைப்படுகிறது.

அந்த இரண்டு ஆண்டை ஒரே நாளாகச் சுருக்கப் பார்த்தால் என்ன ஆகும் என்பதை அதே 2021-இல் இலங்கை காட்டிக்கொண்டிருந்தது. மே மாதம் ஓர் அரசிதழ் அறிவிப்பில் ரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்கள். மின்சாரம் இருக்கிற இரவுகளில் நுவரெலியா விவசாயிகளின் காணொளிகளைக் கைப்பேசியில் பார்ப்பேன். கேரட்டும் லீக்ஸும் உருளைக்கிழங்குமாகப் போடுகிற தோட்டங்கள். பேசுகிறவர்களில் மலையகத் தமிழர்களும் இருந்தார்கள். இயற்கை உரத்தை அவர்கள் யாரும் வெறுக்கவில்லை. எங்கே இருக்கிறது, எவ்வளவு போடுவது, யார் சொல்லித்தருவது என்றே கேட்டார்கள். அக்டோபரில் இந்தியாவிலிருந்து நானோ நைட்ரஜன் திரவம் தருவித்தார்கள். நவம்பர் தொடக்கத்தில் இந்திய விமானப்படை விமானங்களே 100 டன் கொண்டுபோய் இறக்கின. அது திரவம்தான், ஆனால் யூரியாவின் நுண்துகள் வடிவம், இயற்கை உரம் அல்ல. சீனாவிலிருந்து கப்பலில் வந்த இயற்கை உரத்தின் மாதிரிகளில் எர்வினியா வகை பாக்டீரியா இருப்பதாகச் சொல்லி இலங்கையின் தாவரத் தொற்றுத்தடுப்புத் துறை இறக்க மறுத்தது. தகராறு முற்றி, கடைசியில் 60 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்க வேண்டியதாயிற்று. எர்வினியா என்ற பெயரைக் கேட்டதும் எனக்கு அடிவயிறு கலங்கியது. கேரட்டையும் உருளைக்கிழங்கையும் கூழாக்கும் மென்னழுகல் நோய்க்கிருமிகளுக்கு நெடுங்காலம் இருந்த பெயர் அது. நவம்பர் முடிவதற்குள் தடையை விலக்கிக்கொண்டார்கள். ஒரு நாட்டின் விவசாயிகளை ஒரு பருவம் முழுக்கத் தவிக்கவிட்டதற்கு இயற்கை வேளாண்மையின் பெயரைப் பயன்படுத்தியது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். சிக்கிம் 2003-இல் அறிவித்து, 2016-இல்தான் முழு இயற்கை மாநிலம் என்று சொல்லிக்கொண்டது. பதின்மூன்று ஆண்டு எடுத்துக்கொண்டார்கள்.

தமிழ்நாட்டுச் சொந்தக்காரர்கள் தொலைபேசியில் வரும்போதெல்லாம் பஞ்சகவ்யம் செய்யச் சொன்னார்கள். கொடுமுடி மருத்துவர் நடராஜன் வகுத்துப் பரப்பிய முறை அது. சாணம், கோமியம், பால், தயிர், நெய்யோடு வெல்லமும் இளநீரும் வாழைப்பழமும் சேர்த்து ஒரு மாதம் பக்குவப்படுத்தி, நூறு லிட்டருக்கு மூன்று லிட்டர் கலந்து தெளிப்பது. மாடு வைத்திருக்கிற அத்தைக்கு அது சுலபம், செய்தாள். கத்தரிக்கும் புடலைக்கும் நன்றாகவே கேட்டது. முள்ளங்கிப் பாத்திப் பக்கம் மட்டும் அதை நான் விடவில்லை. சாணத்தில் குடலைக் கெடுக்கும் கிருமிகள் இருக்கலாம். கிழங்கு மண்ணோடு ஒட்டி வளர்வது. எங்கள் ஊரில் முள்ளங்கியைப் பச்சையாகச் சீவிச் சாலட்டில் போட்டுச் சாப்பிடுகிறார்கள். அமெரிக்க இயற்கை வேளாண் விதிப்படி, உண்ணும் பாகம் மண்ணில் படுகிற பயிருக்கு மட்காத சாணத்தை அறுவடைக்கு 120 நாள் முன்பே மண்ணில் சேர்த்திருக்க வேண்டும். எங்கள் பயிரின் ஆயுளே 45 நாள். பஞ்சகவ்யத்தின் புளிப்பு கிருமிகளை எவ்வளவு அடக்கும் என்பதை நம்பி வாங்குகிறவர் வயிற்றைப் பணயம் வைக்க எனக்கு உரிமை கிடையாது. அத்தை முதலில் முறைத்தாள். பிறகு, பேத்தி முள்ளங்கியைப் பிடுங்கிப் பாவாடையில் துடைத்துக் கடிப்பதைப் பார்த்துவிட்டு, "சரி, அது கத்தரிக்கே இருக்கட்டும்" என்றாள்.

சாணம் முழுவதையும் வைக்கோலோடு அடுக்கி மட்கவைத்தோம். குவியலின் நடுவில் கைவிட்டால் சுட வேண்டும். அந்தச் சூட்டில்தான் கிருமி சாகும். புரட்டிப் புரட்டி, சூடு ஆறி, கையில் எடுத்தால் சாணம் என்றே தெரியாத கறுப்பு மண்ணான பிறகு பாத்திக்குப் போனது. அரைகுறையாக மட்கியதைப் போட்டால் முள்ளங்கி இரண்டு கால், மூன்று காலாகப் பிரிந்துவிடும் என்ற பயமும் இருந்தது. கவைக்கால் முள்ளங்கியைச் சந்தையில் யாரும் தொடமாட்டார்கள்.

இரண்டாம் பருவத்தில் பாத்தியின் நிறம் மாறத் தொடங்கியது. சர்க்கரைவள்ளிக் கொடியை மழைக்கு முன் மேட்டுப்பாத்தியில் படரவிட்டு மண்ணை மூடிவைத்ததும் உதவியது. கொட்டுகிற மழையில் மேல்மண் கரைந்து போகவில்லை. மூன்றாம் பருவத்தில் மறுபடி தம்ளரில் கட்டியைப் போட்டேன். விளிம்பு மட்டும் உதிர்ந்தது, கட்டி நின்றது. மண்வெட்டியில் மண்புழு வெட்டுப்படாமல் பார்த்துக் கொத்த வேண்டியிருந்தது. முள்ளங்கி பழையபடி வீசைக்கு இரண்டு என்று வரவில்லை. இரண்டரை என்று சொல்லலாம். ஆனால் நாள் தள்ளிப் பிடுங்கினாலும் பஞ்சாகவில்லை, காரம் இருந்தது. அமா ஒன்றை ஒடித்துப் பார்த்துவிட்டு விலையைப் பற்றிப் பேசாமல் கூடையை எடுத்து வைத்துக்கொண்டார்.

அந்தப் பருவத்தில் மீன் கரைசலின் தேவை பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. விதைத்த இரண்டாவது வாரம் ஒரு தடவை, இலை வெளுப்புக் காட்டினால் இன்னொரு தடவை. வாழைமட்டைக் கரைசலை மட்டும் விடவில்லை. மிஞ்சிய மீன் டிரம்மை ஆக்கோ கேட்டார். அவர் போடுவது கடுகுக்கீரையும் கங்குங்கீரையும். இலையே சரக்காக இருக்கிற பயிர். அதற்குக் கடைசிவரை ஊற்றலாம். டிரம்மை இரண்டு பேருமாக வரப்பில் உருட்டிக்கொண்டு போனோம். வெல்லத்தின் அளவையும் வாசம் திரும்புகிற கணக்கையும் அத்தை அவருக்குப் பர்மிய மொழியில் சொல்லிக்கொண்டே பின்னால் வந்தாள்.